வாசகர் கேள்வி – பதில்: களத்தில் யார் பொறுப்பு?

காவல் கட்டுப்பாட்டு அறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார். பெருவிபத்து, தாக்குதல், நெரிசல் போன்ற நேரங்களில் போலீஸ் எப்படிச் செயல்படுகிறது என்று கேட்டு வந்த கேள்விகளிலிருந்து சில இங்கே.

பெரிய அசம்பாவிதம் நடந்த இடத்தில் முதலில் யார் தலைமை ஏற்பார்? அங்கே இருப்பவர்களில் உயர்ந்த பதவியில் உள்ளவரா? (கல்லூரி மாணவி)

முதலில் போய்ச் சேருகிறவர் யாரோ, அவர்தான். நேற்று பணியில் சேர்ந்த கான்ஸ்டபிளாக இருந்தாலும் சரி.

ரோந்து வண்டியில் இரண்டு பேர் போய் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணெதிரே அடிபட்டவர்கள் கிடக்கிறார்கள். ஓடிப்போய்த் தூக்கத்தான் மனசு சொல்லும். ஆனால் இருவரில் ஒருவர் தூக்கக் கூடாது. அவர் அப்படியே நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, மைக்கை எடுத்துப் பேச வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அவர் கல்நெஞ்சுக்காரராகத் தெரிவார். காலடியில் ஒருவர் முனகிக்கொண்டிருக்கும்போது வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டு நிற்பது லேசான வேலை இல்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சியில் கற்றுக்கொடுக்கக் கடினமான பாடமும் அதுதான். அந்த ஒருவர் பேசவில்லை என்றால், பின்னால் வரப்போகிற ஐம்பது பேருக்கும் அங்கே என்ன நடக்கிறது என்றே தெரியாது.

என்ன பேச வேண்டும்? பிரிட்டனில் இதற்கு 'மீத்தேன்' என்று ஒரு நினைவுக்குறிப்பு வைத்திருக்கிறார்கள். ஏழு ஆங்கில எழுத்து, ஏழு விஷயம். இது பேரசம்பவம்தான் என்ற அறிவிப்பு, துல்லியமான இடம், நடந்தது என்ன, இன்னும் என்னென்ன ஆபத்து இருக்கிறது, எந்த வழியாக உள்ளே வரலாம், பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ எத்தனை பேர், எந்தெந்தச் சேவைகள் வந்துவிட்டன என்பதோடு இன்னும் யார் வேண்டும் என்பதும்.

என்னைக் கேட்டால் இதில் ஐந்தாவதுதான் உயிர்நாடி. எல்லோரும் மறப்பதும் அதைத்தான். ஒருமுறை ஒரு கிடங்கில் தீ. எங்கள் வண்டிகள் ஒவ்வொன்றாகப் போய்த் தெருவின் ஒரே முனையில் வரிசையாக நின்றுவிட்டன. உள்ளேயிருந்து ஆளைத் தூக்கி வந்தாயிற்று. ஆம்புலன்ஸ் வெளியேற வழி இல்லை. கடைசி வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது கன்ட்ரோல் ரூமில் இருந்த ஏட்டையா ஒருவர் மறுநாளே சுவரில் எழுதி ஒட்டினார்: 'வரும் வழி ஒன்று, போகும் வழி வேறு, சாவி வண்டியிலேயே.' நான் ஓய்வுபெறும்வரை அந்தத் தாள் அங்கேதான் இருந்தது.

இன்னொன்று. பெரிய அதிகாரி வந்து இறங்கியதுமே பொறுப்பு தானாக அவர் கைக்குப் போய்விடாது. ஏற்கெனவே பொறுப்பில் இருப்பவரிடம் நிலவரம் கேட்க வேண்டும். கேட்டு முடித்த பிறகு, 'இனி நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மைக்கில் சொல்ல வேண்டும். லாக் புக்கில் நேரத்தோடு அது ஏற வேண்டும். அதுவரை முதலில் வந்தவர்தான் தலைவர். வண்டியை விட்டு இறங்கும்போதே 'மைக்கை இங்கே குடு' என்று கையை நீட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது; தெரிந்தவர் கையில் அப்போது மைக் இருக்காது.

துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே இருக்கும்போது போலீஸார் வெளியே நின்று திட்டம் போடுவதைச் செய்திகளில் பார்க்கிறோம். அவர்கள் ஏன் உடனே உள்ளே போவதில்லை? (பள்ளி ஆசிரியை)

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கோபம். ஆனால் இதில் இரண்டு வேறு வேறு சூழ்நிலைகள் இருக்கின்றன.

ஒருவன் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு மிரட்டுகிறான், சுடவில்லை. அப்போது நேரம் போலீஸ் பக்கம். சுற்றி வளைத்து, பேச்சுக் கொடுத்து, அவன் களைக்கும்வரை காத்திருக்கலாம். பல மணி நேரம் ஆனாலும் அதுதான் சரி. இன்னொருவன் சுட்டுக்கொண்டே போகிறான். அங்கே ஒவ்வொரு நிமிடமும் ஓர் உயிர்.

1999 ஏப்ரல் 20இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் தாக்குதல் நடந்தபோது முதலில் வந்த போலீஸார் அன்றைய பயிற்சிப்படியே நடந்தார்கள். வளாகத்தைச் சுற்றி வளைத்துவிட்டு, சிறப்புப் படைக்காகக் காத்திருந்தார்கள். குண்டடிபட்ட ஓர் ஆசிரியர் உள்ளே மணிக்கணக்கில் ரத்தம் இழந்து இறந்துபோனார். அதன் பிறகுதான் விதி மாறியது. சுட்டுக்கொண்டிருப்பவன் என்றால் முதலில் வருகிறவர்களே, இருக்கிற ஆளோடு, உள்ளே போய் அவனைத் தடுக்க வேண்டும். சிறப்புப் படைக்குக் காத்திருக்கக் கூடாது. இது இப்போது பல நாடுகளில் அடிப்படைப் பயிற்சி.

பயிற்சி மாறியும் என்ன ஆனது? 2022 மே 24, டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி. பல்வேறு துறைகளைச் சேர்ந்த 376 காவலர்கள் அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். கொலையாளி உள்ளே நுழைந்ததிலிருந்து அவன் வீழ்த்தப்படும்வரை 77 நிமிடம். 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அந்தப் பள்ளி மாவட்டத்துக்கென்றே தனியாகப் போலீஸ் பிரிவு இருந்தது. இப்படி நடந்தால் களத் தலைமை அதன் தலைவருக்கு என்று எழுத்திலேயே இருந்தது. அவர் வயர்லெஸ் கருவிகளை வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினார். தன்னைக் களத் தலைவராகவே நினைக்கவில்லை என்று பின்னால் விசாரணையில் சொன்னார். தாழ்வாரத்தில் நின்றவர்கள், வெளியே யாரோ தலைமை தாங்குகிறார்கள் என்று நினைத்தார்கள். வெளியே நின்றவர்கள், உள்ளே இருப்பவர்தான் தலைவர் என்று நினைத்தார்கள். சுட்டவன் கதவுக்குப் பின்னால் போய்விட்டதால் அதை முதல் வகைச் சூழ்நிலையாக எண்ணிக் காத்திருந்தார்கள். உள்ளேயிருந்து குழந்தைகள் போனில் அழைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அங்கே துணிச்சல்காரர்களே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 'இங்கே நான்தான் பொறுப்பு, இப்போது கதவைத் திற' என்று சொல்ல ஒரு குரல் இல்லை. 376 பேரில் ஒரு குரல்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2019 மார்ச் 15இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் மசூதிகளைத் தாக்கியவனைப் பிடித்தது சிறப்புப் படை அல்ல. பயிற்சி வகுப்புக்காக நகரத்துக்கு வந்திருந்த கிராமப்புறப் போலீஸ்காரர்கள் இருவர். அவன் காரைச் சாலையில் பார்த்தார்கள், தங்கள் வண்டியால் இடித்து நிறுத்தினார்கள், இழுத்துப் போட்டுக் கைது செய்தார்கள். மேலிருந்து உத்தரவு வரட்டும் என்று காத்திருந்தால் அவன் அடுத்த இடத்துக்குப் போயிருப்பான்.

'கோல்டு, சில்வர், பிரான்ஸ்' (தங்கம், வெள்ளி, வெண்கலம்) என்று பிரிட்டிஷ் போலீஸில் சொல்கிறார்களே, அது பதக்கமா? (வாசகர் ஒருவர்)

பதக்கம் கொடுக்கிற அளவுக்கு எல்லோரும் வேலை செய்தால் நல்லதுதான்!

1985இல் லண்டனின் பிராட்வாட்டர் ஃபார்ம் பகுதியில் பெரும் கலவரம் நடந்தது. ஒரு கான்ஸ்டபிள் கொல்லப்பட்டார். அதன் பிறகு லண்டன் மாநகரப் போலீஸ் உட்கார்ந்து யோசித்தது. கலவரம் போன்ற நேரத்தில் வழக்கமான பதவி வரிசை உதவவில்லை. ஆளாளுக்கு நாட்டாமை ஆகிறது. அதனால் பதவியை ஒதுக்கிவிட்டு வேலையை மூன்றாகப் பிரித்தார்கள்.

கோல்டு, களத்துக்கே வரமாட்டார். என்ன நடக்க வேண்டும், எது நடக்கவே கூடாது என்று முடிவு செய்வார். பணம், ஆள், பிற துறைகளின் ஒத்துழைப்பு எல்லாம் அவர் பாடு. சில்வர், அதை எப்படிச் செய்வது என்று திட்டம் போடுகிறவர். பிரான்ஸ்கள் பல பேர் இருப்பார்கள். ஒருவருக்குப் போக்குவரத்து, ஒருவருக்குச் சுற்றுவளையம், ஒருவருக்கு மக்களை வெளியேற்றுவது என்று ஆளுக்கொன்று. உயர்ந்த பதவியில் இருக்கும் ஒருவர் அன்றைக்குப் பிரான்ஸ் என்றால், அவர் பிரான்ஸ்தான்.

இதில் மிகச் சிரமப்படுகிறவர் கோல்டு. தெருவில் வளர்ந்த போலீஸ்காரரை ஓர் அறையில் உட்கார வைத்து, 'நீங்கள் ஓடாதீர்கள், யோசியுங்கள்' என்றால் கை துறுதுறுக்கும். சில்வர் செய்ய வேண்டியதை போனில் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பார். அடுத்த ஆறு மணி நேரத்துக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க அங்கே ஆளே இருக்காது. இரவுக்கு மாற்று ஆள் கேட்டிருப்பாரா? பெரும்பாலும் மாட்டார். காலையிலிருந்து நிற்கிறவன்தான் நள்ளிரவிலும் நிற்பான்.

பதவி வேறு, அனுபவம் வேறு என்பதற்கு பிரிட்டனிலேயே கசப்பான பாடம் உண்டு. 1989 ஏப்ரல் 15இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் அன்று பொறுப்பில் இருந்த அதிகாரி அந்தப் பணிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வெளியே கூட்டம் நெருக்கியதால், பிற்பகல் 2.52க்கு வெளியேறும் வாயில் ஒன்றைத் திறக்கச் சொன்னார். திறந்தார்கள். ஆனால் ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப்பகுதிக்குப் போகும் சுரங்கப் பாதையை யாரும் அடைக்கவில்லை. உள்ளே வந்தவர்கள் கண்ணெதிரே தெரிந்த அந்த வழியில்தான் போனார்கள். 97 உயிர்கள். ஒரு கதவைத் திறக்கும் உத்தரவோடு இன்னொன்றை மூடும் உத்தரவும் சேர்ந்தே போக வேண்டும் என்பது புத்தகத்தில் வராது. பல ஆட்டங்களுக்குக் காவல் இருந்தவருக்கு வரும்.

எவ்வளவு அதிகம் போலீஸ் வருகிறார்களோ அவ்வளவு நல்லதுதானே?

இல்லை. ஒருவரால் நெருக்கடியில் நேரடியாகக் கவனிக்க முடிவது மூன்றிலிருந்து ஏழு பேர். ஐந்து என்றால் உத்தமம். அதற்கு மேல் போனால் இடையில் இன்னொரு தலைவரைப் போட்டே ஆக வேண்டும். கூப்பிடாமலே வருகிறவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, வாட்டர்டவுன் என்ற ஊரில் குற்றவாளிகளோடு சண்டை நடக்கிறது என்று வயர்லெஸ்ஸில் கேட்டதும் சுற்றுவட்டாரத்து போலீஸார் எல்லாம் கிளம்பி வந்துவிட்டார்கள். ஒரு காவலர் படுகாயமடைந்தார். அவர் மேல் பாய்ந்தது சக போலீஸின் குண்டாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வருகிறவர்கள் சற்றுத் தள்ளி ஓர் இடத்தில் நின்று, பெயர் கொடுத்து, கூப்பிடும்போது வர வேண்டும். அந்த இடத்துக்குப் பொறுப்பாகக் கண்டிப்பான ஆளைப் போட வேண்டும். சிரித்த முகக்காரர் சரிப்பட மாட்டார்.

போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ். மூன்று பேரும் வந்தால் யார் யாருக்கு உத்தரவு போடுவது? (மருத்துவமனை ஊழியர்)

உத்தரவு போடுவது இரண்டாம்பட்சம். மூன்று தலைவர்களும் ஒரே இடத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் நடக்காது.

2001 செப்டம்பர் 11, உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களில் விமானங்கள் மோதிய நாள். நியூயார்க் தீயணைப்புத் துறையின் தலைமை இடம் ஒரு தெருவில், போலீஸின் தலைமை இடம் வேறொரு தெருவில். நகரத்தின் அவசரகால மையமோ அந்த வளாகத்திலேயே, ஏழாம் எண் கட்டடத்தில் இருந்தது. அதையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. தெற்குக் கோபுரம் 9.59க்கு விழுந்தது. மேலே பறந்த போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் வடக்குக் கோபுரமும் நிலைக்காது என்று வயர்லெஸ்ஸில் எச்சரித்தார்கள். அது போலீஸ் அலைவரிசை. தீயணைப்பு வீரர்களின் கருவியில் அது கேட்காது. ஹெலிகாப்டரில் தீயணைப்பு அதிகாரி யாரும் இல்லை. வடக்குக் கோபுரம் 10.28க்கு விழுந்தது. அன்று இறந்த தீயணைப்புத் துறையினர் 343 பேர்.

இதற்கான மருந்து அதற்கு முன்பே இருந்தது என்பதுதான் வேதனை. 1970இல் கலிஃபோர்னியாவில் 13 நாள் காட்டுத்தீ. 16 பேர் பலி, 700 கட்டடங்கள் சாம்பல். பல துறைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்கள், தனி அலைவரிசை, தனித் தலைவர். அந்தக் குழப்பத்திலிருந்துதான் ஒரே களத் தலைமை முறை பிறந்தது. ஒரு தலைவர், அவருக்குக் கீழே செயல்பாடு, திட்டமிடல், பொருள் வழங்கல், நிதி என்று நான்கு பிரிவு. பாதுகாப்புக்கு ஓர் அதிகாரி, பத்திரிகைக்கு ஒருவர், மற்ற துறைகளோடு பேச ஒருவர். பல துறைகளுக்கும் சட்டப் பொறுப்பு இருந்தால் ஒரே தலைவருக்குப் பதில் அவர்கள் கூட்டாக உட்கார்ந்து ஒரே திட்டம் போடுவார்கள். செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்க அரசு இதை நாடு முழுவதற்கும் நடைமுறையாக்கியது.

மான்செஸ்டர் அரங்கக் குண்டுவெடிப்பிலும் (2017 மே 22, 22 பேர் பலி) இதே கதைதான். ஆயுதம் ஏந்தியவர்கள் உலவுகிறார்கள் என்ற சந்தேகத்தில் போலீஸ் ஒரு சிறப்பு நிலையை அறிவித்தது. அறிவித்ததை மற்ற சேவைகளுக்குச் சொல்லவில்லை. அருகிலேயே நிலையம் வைத்திருந்த தீயணைப்புத் துறை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வந்தது. அன்றிரவு போலீஸ் பணி அதிகாரி ஒருவர் தலையிலேயே எல்லாம் விழுந்தது. அவர் போனில் ஊரே பேச முயன்றது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்பேன். ஓர் ஆளுக்குப் பத்து வேலை கொடுத்த ஏற்பாட்டைத்தான் கேட்க வேண்டும்.

கன்ட்ரோல் ரூமில் சினிமாவில் வருவதுபோல் சுவர் முழுக்கத் திரைகள் இருக்குமா?

இருக்கும். அதைவிட முக்கியமானவர், மூலையில் உட்கார்ந்து நேரம் போட்டு எழுதிக்கொண்டே இருக்கிறவர். எந்தத் தகவல் யாருக்குப் போனது, அவர் என்ன செய்தார் என்பது அவர் நோட்டில்தான் இருக்கும்.

2011 ஜூலை 22இல் ஓஸ்லோவில் குண்டு வெடித்த சில நிமிடங்களில், போலீஸ் உடையில் துப்பாக்கியோடு போனவனைப் பற்றி ஒருவர் போன் செய்து வண்டி எண்ணோடு சொன்னார். எடுத்தவர் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மேலதிகாரியின் மேசையில் வைத்தார். அது ஏறத்தாழ 20 நிமிடம் அப்படியே கிடந்தது. அவன் அதே வண்டியில் உட்டோயா தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். அங்கே 69 பேரைக் கொன்றான். தகவல் கையில் இருந்தது. அது உத்தரவாக மாறவில்லை. தாளை வைத்துவிட்டுப் போகக் கூடாது. 'ஐயா, இதைப் படியுங்கள்' என்று நின்று, அவர் படித்ததைப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். எங்கள் அறையில் வாய்விட்டுத் திரும்பச் சொல்வது கட்டாயம். கேட்டவர் திரும்பச் சொல்லாத தகவல் போய்ச் சேராத தகவல்.

தென்கொரியாவின் இட்டேவோன் நெரிசலுக்கு முன்பே மக்கள் போலீஸை அழைத்தார்களாமே?

ஆமாம். 2022 அக்டோபர் 29. நெரிசலுக்கு முந்தைய நாலு மணி நேரத்தில் 11 அழைப்புகள். முதல் அழைப்பு மாலை 6.34க்கே. இங்கே ஆட்கள் நசுங்கப்போகிறார்கள் என்று தெளிவாகவே சொன்னார்கள். ஒவ்வோர் அழைப்பையும் ஒவ்வொருவர் தனித்தனிப் புகாராக எடுத்தால் 11 சின்னப் புகார்கள்தான். அடுக்கி வைத்துப் பார்த்தால்தான் ஒரே பெரிய ஆபத்து. அப்படி அடுக்கிப் பார்க்கிற வேலையை அறையில் ஒருவருக்கு ஒப்படைத்திருக்க வேண்டும். 159 பேர் இறந்தார்கள்.

அசம்பாவிதம் நடந்த இடத்துக்கு அரசியல் தலைவர்கள் உடனே வந்து பார்ப்பது உதவியா?

மூன்றாம் நாள் வந்தால் உதவி.

எங்களைப் போன்றவர்கள் அவசர எண்ணுக்கு அழைக்கும்போது எதை முதலில் சொல்ல வேண்டும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

இடம். பெயர், என்ன நடந்தது, எப்படி நடந்தது எல்லாம் பிறகு. இணைப்பு அறுந்துபோனாலும் இடம் தெரிந்தால் வண்டி கிளம்பிவிடும். கட்டடத்தின் எந்தப் பக்கம், எத்தனையாவது மாடி, எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அடுத்து, நீங்கள் கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். 'இரண்டு பேர் சுடுகிறார்கள்' என்று கேள்விப்பட்டதைப் பார்த்ததாகச் சொன்னால், நாங்கள் இல்லாத இரண்டாவது ஆளை இரவு முழுக்கத் தேடிக்கொண்டிருப்போம். பேசி முடித்ததும் நீங்களாக போனை வைக்காதீர்கள், எடுத்தவர் வைக்கச் சொல்லும்வரை இருங்கள். முடிந்தால் ஒருவரை வாசலுக்கோ தெருமுனைக்கோ அனுப்புங்கள். வருகிற முதல் வண்டியைக் கை காட்டி எந்த வழி என்று சொல்ல.